துண்டு போர்த்திய மெஷின்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை வாசலைப் பெருக்கினேன். காபி குடித்தேன். முதல் ஷிஃப்டுக்குப் போகும் கணவருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் வலது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, எரிச்சல் அடங்கும்வரை நாற்காலியில் இருந்தேன். உயரமான ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டபடி இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த முழங்கால் அது. என் டைரியில் ஒரு சனிக்கிழமைக்கு வழக்கமாக இதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்காது.

அன்று ஒரு பழைய சிடி பிளேயர் வாங்கப் போனேன். எனக்காக அல்ல.

இதை விரிவாக எழுதக் காரணம் ரமேஷ். சர்வீஸ் சென்டரில் எனக்குப் பக்கத்து மேசை. இப்போது வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸப் குழுவில், "மேடம், பசங்க மறுபடியும் சிடி பிளேயர் தேடறாங்க. புதுசு வாங்கக் கட்டுப்படியாகல. பழசு வாங்கினா ஏமாந்துடறாங்க. எதைப் பாத்து வாங்கணும்னு பத்து பாயிண்ட் போடுங்க" என்று கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பாயிண்டிலேயே அலுத்துவிட்டது. யாருக்கு வாங்குகிறோம் என்று சொல்லாமல் எதை வாங்குவது என்று எப்படிச் சொல்வது? அதனால் பாயிண்டை விட்டுவிட்டு அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

புதன்கிழமை தேவசகாயம் சார் போன் செய்தார். எங்கள் சர்வீஸ் சென்டருக்கு இருபது வருட வாடிக்கையாளர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. மனைவி இல்லை. திருமுல்லைவாயிலில் மகன் ஜெரால்டின் ஃபிளாட்டில் இருக்கிறார். மகனும் மருமகளும் ஐ.டி.யில் வேலை.

"ஸ்டெல்லாம்மா, ரிட்டையர் ஆனவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. ஆனா பண்றேன்" என்றுதான் ஆரம்பித்தார்.

அவருடைய பழைய பிளேயர் போன வருடம் நின்றுவிட்டது. ஜெரால்டு ஆன்லைனில் ஒரு பழைய மெஷின் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் ஓடியது. இன்னொன்று வாங்கினார். அது மூன்று வாரம். நடுவில், சொன்னால் பாடுகிற ஸ்பீக்கர் ஒன்றும் வந்தது.

"அந்த டப்பாகிட்ட நான் கத்தணும்மா. முப்பது வருஷம் போன்ல மெதுவாப் பேசிச் சம்பளம் வாங்கினவன் நான். வீணைன்னு சொன்னா பானையான்னு கேக்குது. ஒரு பாட்டு கேக்க ஒரு பஞ்சாயத்து. என் சிடி எல்லாம் இங்கதான் இருக்கு. எது எங்கேன்னு கைக்குத் தெரியும்."

அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு சிடி டப்பாவின் முதுகிலும் ஓர் அடையாளம் வைத்திருப்பார். ஒன்றில் நூல் சுற்றியிருக்கும், ஒன்றில் சட்டைப் பொத்தான் ஒட்டியிருக்கும், ஒன்றில் கத்திக் கீறல் இருக்கும். ஓர் அலமாரி முழுக்க அப்படி.

"இப்ப என்ன சார் அவசரம்?"

"ஜெரால்டு சொல்லிட்டான். மூணாவது ஒண்ணு பாக்கலாம்பா, அதுவும் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாத்தையும் எடுத்துடலாம், பாப்பாவுக்கு அந்த இடத்துல படிக்க மேசை போடணும்னு. அவன் சொல்றதுல தப்பில்லை. அலைஞ்சவன் அவன்தானே. ஆனா அந்த செட்டு போயிட்டா, ஒரு பாட்டு கேக்கணும்னாலும் நான் யாரையாவது கூப்பிடணும்மா."

எனக்கு அந்த வேலை போதும் என்றுதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி ஆடியோ பிரிவை மூடியபோது விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். ஈயம் வைக்கிற கோலையும் ஸ்க்ரூடிரைவர் செட்டையும் ரமேஷிடமே கொடுத்துவிட்டேன். மீட்டர் ஒன்று மட்டும் வீட்டில் இருந்தது, அதுவும் இன்வெர்ட்டர் பேட்டரி பார்ப்பதற்காக. இருந்தாலும், "சனிக்கிழமை வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன். "நீங்களும் கூட வரணும். உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான சிடி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

நான் வேலைக்குச் சேர்ந்தது பத்தொன்பது வயதில், டேப் ரெக்கார்டர் பூட்டும் லைனில். ஸ்பீக்கர் வயர் இரண்டுக்கு ஈயம் வைப்பது ஒன்றுதான் வேலை. நாள் முழுக்க, ஒன்றரை வருடம். சர்வீஸ் பிரிவில் ஆள் குறைந்தபோது அங்கே அனுப்பினார்கள். பயிற்சி என்று ஆறு மாதம் பழைய போர்டுகளைக் கழற்றி மாட்டினேன். பிறகு மேசை கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் கோதண்டம் சார்.

கோதண்டம் சார் எங்கள் சூப்பர்வைசர். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. டீ கொண்டுவருபவரும் "வாங்க"தான், புகார் கொடுத்துக் கத்துகிற வாடிக்கையாளரும் "வாங்க"தான். பழுதான மெஷினைக்கூட "இவர்" என்பார். "இவருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்து நிற்பார். அவர் சட்டையில் அமிர்தாஞ்சன் வாசனை அடிக்கும். அதை வைத்தே வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம்.

எங்கள் மேசையில் ஒரு வார்த்தைக்குத் தடை. "போச்சு." இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. லென்ஸ் போச்சு, ஐ.சி. போச்சு, மோட்டார் போச்சு. சேர்ந்த புதிதில் நானும் சொன்னேன்.

"லென்ஸ் போச்சு சார்."

"போகும்போது பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எது நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. சுத்தறது நின்னுச்சா, படிக்கிறது நின்னுச்சா, பாடறது நின்னுச்சா?"

சிடி பிளேயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். சிடி சுற்றவேண்டும். லென்ஸ் அதைப் படிக்கவேண்டும். படித்தது பாட்டாக வெளியே வரவேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அவரிடம் நான் பார்த்தவற்றில் கடினமானது பூந்தமல்லி பல் டாக்டரின் மெஷின். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பாட்டுப் போட வைத்திருந்தார். புகார் ஒன்றே ஒன்று. காலையில் டிஸ்ப்ளே நன்றாக எரிகிறது, மத்தியானத்துக்குள் மங்கி அணைந்துவிடுகிறது. முதல் முறை ரமேஷ் மேசைக்கு வந்தது. டிஸ்ப்ளே குழாயை, அதாவது எழுத்து எரிகிற, உள்ளே காற்றில்லாத கண்ணாடிக் குழாயை மாற்றி அனுப்பினார். வெளிநாட்டு ஸ்பேர், வர ஒரு மாதம் ஆனது. பத்து நாளில் மெஷின் திரும்பி வந்தது. இரண்டாவது முறை ஈயம் விட்டுப்போன இடங்களை எல்லாம் தொட்டு அனுப்பினோம். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை டாக்டரே தூக்கிக்கொண்டு வந்தார். "நான் பல்லை இப்படி மூணு தடவை பிடுங்கினா விடுவாங்களா?" என்று கேட்டார்.

கோதண்டம் சார் அவரை உட்காரவைத்து டீ சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, டிஸ்ப்ளே கண்ணாடியின் ஓரத்தை டார்ச் அடித்துக் காட்டினார்.

"மூலையில ஒரு பொட்டு தெரியுதா?"

தெரிந்தது. கண்ணாடிக்கு உட்புறம், சின்ன விரல் நகம் அளவுக்கு, பாதரசம் பூசியதுபோல.

"இது வெள்ளியா இருக்கறவரைக்கும் உள்ள காத்து புகலைன்னு அர்த்தம். காத்து புகுந்துட்டா பால் மாதிரி வெளுத்துடும். இவர் வெள்ளியா இருக்கார். அப்ப விளக்குக்கு ஒண்ணுமில்லை. சோறுதான் போய்ச் சேரலை. டாக்டர், இவரை எதுக்கு மேல வெச்சிருக்கீங்க?"

"ஆம்ப்ளிஃபயர் மேல."

"அது சுடுமே?"

"தோசை வார்க்கலாம்" என்றார் டாக்டர்.

சார் மூடியைக் கழற்றி, டிஸ்ப்ளேக்குப் போகிற கரண்ட் லைனில் மீட்டரை மாட்டினார். மூடியை மறுபடி பொருத்தி, தன் தோளில் இருந்த துண்டை எடுத்து மெஷின்மேல் போர்த்தினார். ஜுரக்காரருக்குப் போர்த்துகிற மாதிரி நான்கு பக்கமும் செருகிவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மீட்டரைப் பார்த்தபடி நின்றோம். அரை மணி நேரம் முள் அசையவில்லை. ரமேஷ் கொட்டாவி விட்டார். அதற்குப் பிறகு முள் சாய ஆரம்பித்தது. கூடவே டிஸ்ப்ளே மங்கியது. கெப்பாசிட்டர் ஒன்று சூட்டில் உலர்ந்துபோயிருந்தது. காசுக்கு இரண்டு கிடைக்கிற பொருள். மாற்றினோம். மறுபடியும் அதே துண்டு, இன்னும் ஒரு மணி நேரம். முள் நின்ற இடத்தில் நின்றது.

"பக்கத்துல இருக்கறவங்களும் அதே சூட்டுல வெந்திருப்பாங்க. அவங்களையும் மாத்திடுங்க" என்றார். "இல்லேன்னா இன்னைக்கு டிஸ்ப்ளே, அடுத்த மாசம் மோட்டார், அதுக்கடுத்த மாசம் டாக்டர்."

அதற்குப் பிறகு எங்கள் மேசையிலிருந்து துண்டு போர்த்தாமல் எந்த மெஷினும் வெளியே போனதில்லை. டிஸ்ப்ளே எரியாமலும் போனதில்லை. பரிசோதனையில் முதலில் பார்ப்பதே அதுதான். கடைசி நான்கைந்து வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. போர்டை முழுசாகக் கழற்றி வேறு போர்டு போடு என்றார்கள். எது நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கோதண்டம் சாரும் அப்போது இல்லை. நான் வேலையை விட்ட நாளில் பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை. தூக்கம்தான் வந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆவடியில் ரயில் ஏறித் திருமுல்லைவாயிலில் இறங்கினேன். ஜெரால்டு சனிக்கிழமையும் ஆபீஸ் போயிருந்தார். மருமகளும் குழந்தையும் கள்ளிக்குப்பத்தில் அம்மா வீட்டில். சார் கீழே கேட் அருகிலேயே தயாராக நின்றார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. ஆட்டோ பிடித்து அம்பத்தூர் போனோம். ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் பாபுவின் கடை. பழைய டிவி, மிக்சி, ஹோம் தியேட்டர் எல்லாம் வாங்கி விற்பவர். எங்கள் சென்டர் இருந்த காலத்திலிருந்தே தெரியும்.

"அக்கா! இன்னாக்கா, கடைப் பக்கமே வர்றதில்ல? ரிட்டையர் ஆனா ஊட்லயே குந்திகினு இருக்கணுமா?" என்றார். சாரைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "குந்து நைனா."

கடையில் நான்கு சிடி பிளேயர்கள் இருந்தன. ஒன்றில் சிடி வைக்கிற தட்டு வெளியே வரவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் இளகியிருக்கும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து ஓடிவிடுவார்கள். ஓடவேண்டியதில்லை, ஒரு பெல்ட்டில் சரியாகிற காரியம். ஆனால் அதில் சாம்பிராணி வாசனை அடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் புகை போட்ட வீட்டிலிருந்து வந்த மெஷின். லென்ஸ்மேல் பிசின் மாதிரி ஒரு படலம் இருக்கும், துடைத்தாலும் முழுசாகப் போகாது. அதை ஒதுக்கினேன். இன்னொன்று சிடி செருகுகிற வகை, தட்டே கிடையாது. மாட்டிக்கொண்டால் திறந்துதான் எடுக்கவேண்டும். அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவதைப் பாபு தூக்கி நடுவில் வைத்தார். ஒல்லியாக, கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. சுவிட்சைப் போட்டதும் நீல நிறத்தில் எழுத்து ஓடியது.

"டிஸ்ப்ளே பாரு நைனா! தீபாவளி கணக்கா எரியுது."

"தீபாவளி அமாவாசையிலதானே தம்பி வரும்" என்றார் சார். "எனக்கு தினமும் அதுதான். வேற என்ன இருக்கு அதுல?"

பாபு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

பாபு தன் சிடியைப் போட்டார். அழகாகப் பாடியது. கடைக்காரர் வைத்திருக்கிற சிடி எல்லா மெஷினிலும் பாடும். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார். நான் சாரிடம் கை நீட்டினேன். பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் பதிவு செய்தது, அடிப்பக்கம் நீலம் பாரித்தது, கீறல் விழுந்தது. கம்பெனியில் அச்சடித்த சிடி கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பும். வீட்டில் பதிந்தது அந்த அளவுக்குத் திருப்பாது. வலுக்குறைந்த லென்ஸ் அங்கேதான் திணறும்.

மெஷின் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. உள்ளே கிட்டிக் கிட்டி என்று ஒரு சத்தம்.

"தேடுது" என்றார் சார், தலையைச் சாய்த்து. "கிடைக்கல."

பாபுவின் ஸ்க்ரூடிரைவரை வாங்கி மூடியைக் கழற்றினேன். லென்ஸின் ஓரத்தில் லேசரைக் கூட்டிக் குறைக்கிற சிறிய திருகு இருக்கும். கம்பெனி வைத்த இடத்தில் இல்லை. யாரோ முழுக்கத் திருகிவிட்டிருந்தார்கள். கண் மங்கினவரை வெயிலில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்கிற மாதிரி. கொஞ்ச நாள் படிக்கும். பிறகு அடியோடு நின்றுவிடும். ஜெரால்டு வாங்கின இரண்டும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

"பாபு, இதை யாரு திருகினது?"

"சத்தியமா நான் இல்லக்கா. வந்ததே அப்டித்தான். எனுக்கு இன்னா தெரியும், பாடுது, விக்கிறேன்."

நான்காவது மெஷின் அலமாரியின் கீழ்த்தட்டில், மிக்சி ஜாடிகளுக்குப் பின்னால் இருந்தது. அகலமான, கனமான, பழைய மாடல். "அது ஓணாங்க்கா" என்றார் பாபு. "டிஸ்ப்ளே டெட்டு. எவனும் வாங்க மாட்றான். ஓடுது, ஆனா எதுவும் தெரியாது. எத்தினியாவது பாட்டுன்னு எவனுக்குத் தெரியும்?"

மேசையில் தூக்கி வைத்தேன். முழங்கால் கத்தியது. சுவிட்சைப் போட்டேன். முகப்பு இருட்டாகவே இருந்தது. சாரின் சிடியை வைத்து பிளேயை அழுத்தினேன். இரண்டு விநாடியில் பேச்சு வந்துவிட்டது.

"என்ன சார் இது, பாட்டு இல்லையா?"

"என் ரிட்டையர்மென்ட் விழாம்மா. மோசமான சிடின்னு கேட்டீங்களே. கடைசி டிராக்குக்குப் போங்க."

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். சிடி லேசாக ஆடினாலும் அங்கே தெரிந்துவிடும். நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார். அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக் கடைசிக்குப் போனேன். ஒரு கனத்த குரல், "நம்முடைய அன்புக்குரிய தேவராஜ் அவர்கள்" என்றது.

"ஜி.எம்.," என்றார் சார். "முப்பது வருஷம் அவருக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். என் பேர் தேவசகாயம்."

பாபு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜி.எம். ஒரு இடத்திலும் தட்டாமல் கடைசிவரை பேசி முடித்தார்.

சார் எழுந்து வந்து மெஷினைத் தொட்டார். இரண்டு கைகளையும் முகப்பின்மேல் படரவிட்டார். வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான், தனியாக. "இது பிளே." அதன் கீழே சின்னதாக இரண்டு. "இது நிறுத்த. இது... முன்ன பின்ன." இடது ஓரத்தில் ஒன்று. "திறக்க." தட்டு வெளியே வந்தது. ஆழமான பள்ளம் உள்ள தட்டு. சிடியை வைத்தார், அது வழுக்கி உட்கார்ந்துகொண்டது. மூடினார், திறந்தார், மூடினார். யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒல்லி மெஷினில் எல்லாப் பொத்தானும் ஒரே வரிசையில், ஒரே அளவில், மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"இதுதாம்மா" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "சார், டிஸ்ப்ளே எரியாத மெஷினை நான் யாருக்கும் கொடுத்ததில்லை."

"யாருக்கு வாங்கறோம்?"

நான் இருட்டு முகப்பில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன்.

"எரியறதுக்குக் காசு குடுத்து நான் என்ன பண்ணப்போறேன்? பாப்பா படிக்கிற மேசைக்கு விளக்கு வாங்கலாம்."

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. டிஸ்ப்ளே நின்றதா, டிஸ்ப்ளேக்குப் போகிற கரண்ட் நின்றதா? முதலாவது என்றால் இவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாவது என்றால் பூந்தமல்லி டாக்டர் கதைதான். இன்று டிஸ்ப்ளே, நாளை மோட்டார். மூன்றாவது மெஷினும் நிற்கும், இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை செட்டு வெளியே போய்விடும்.

போனில் டார்ச் போட்டுக் கண்ணாடியின் மூலையைப் பார்த்தேன். பொட்டு பால்போல வெளுத்திருந்தது. குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. நிம்மதியாக இருந்தது. ஆனால் அதோடு விட எனக்குப் பழக்கமில்லை. மூடியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீட்டரை மாட்டினேன். கரண்ட் சரியாக இருந்தது. மூடியை வைத்து, என் பையிலிருந்த துண்டை எடுத்து மெஷின்மேல் போர்த்தி நான்கு பக்கமும் செருகினேன்.

"இன்னாக்கா, மெஷினுக்குக் குளிரெடுக்குதா?" என்றார் பாபு.

"ஒரு மணி நேரம் இருக்கணும்."

"ஒரு மணி நேரமா? நான் பொண்ணு பாக்கப் போனப்பகூட அவ்ளோ நேரம் குந்தலக்கா."

ஆனால் டீ வாங்கிவரச் சொன்னார். தகரக் கூரையின் கீழ் மூன்று பேரும் வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். ஜி.எம். மறுபடியும் முதலிலிருந்து பேசினார். வந்த வாடிக்கையாளர் ஒருவர், துண்டுக்கு அடியிலிருந்து சொற்பொழிவு வருவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மீட்டர் அசையவில்லை. சார் மட்டும் இடையிடையே துண்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் முடிந்ததும், "மோட்டார் சத்தம் மாறல" என்றார். எடுத்துக்கொண்டோம். ஒல்லி மெஷினுக்குப் பாபு சொன்ன விலையில் பாதிகூட இல்லை.

"டெட்டுன்னு சொல்லித்தான் குடுக்கறேன் நைனா, அப்பறம் வந்து கேக்கக் கூடாது" என்று ஆட்டோவரை வந்து தூக்கிவைத்தார்.

ஃபிளாட்டில் ஆம்ப்ளிஃபயர்மேல் வைக்காமல், பக்கத்தில் தனியாக வைத்து வயர் மாட்டிக் கொடுத்தேன். சார் அலமாரியில் விரலை ஓடவிட்டு, நூல் சுற்றிய டப்பா ஒன்றை எடுத்தார். வீணை. ஸ்பீக்கரில் அது வந்தபோது அவர் உட்காரவில்லை, மெஷின் பக்கத்திலேயே நின்றார். இரண்டாவது பாட்டுக்குத் தாவினார், ஐந்தாவதுக்குப் போனார், திரும்பி வந்தார். எண்ணி அழுத்தினார். ஒரு தடவையும் தவறவில்லை.

"ஜெரால்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க சார்."

"வரட்டும். நானே போட்டுக் காட்டறேன்."

நான் வீடு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன் வந்தது.

"ஸ்டெல்லாம்மா" என்றார் சார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "கீழ நடந்துட்டு மேல வந்தேன். வந்து கையை நீட்டினேன். இடம் காலியா இருக்கு. துடைச்சுகூட வெச்சிருக்காங்க."

அடுப்பை அணைத்தேன். போனில் பின்னாலிருந்து ஜெரால்டின் குரல் கேட்டது. "அப்பா, ஸ்பீக்கர்ல போடுங்க. மேடம், ஜெரால்டு பேசறேன். நான்தான் எடுத்தேன். வந்து சுவிட்சைப் போட்டுப் பாத்தேன், ஒண்ணுமே எரியல. மூணாவதும் போச்சுன்னு..."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"பால்கனியில. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாத்தோடயும். காலையில பழைய சாமான்காரர் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அப்பாகிட்ட கேக்கலையா?"

"இல்ல மேடம். அவர் மேல வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு பாத்தேன். நின்னுபோன மெஷின் முன்னாடி அவர் ஒவ்வொரு பட்டனா தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு நிப்பாரு. ரெண்டு தடவை பாத்துட்டேன். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது மேடம்."

"தம்பி, அது நிக்கல. டிஸ்ப்ளே மட்டும்தான் எரியாது. உள்ள கொண்டுவந்து வயரை மாட்டுங்க."

அவர் கொண்டுவந்தார். எந்த வயர் எங்கே என்று நான் போனிலேயே சொன்னேன். நாற்காலி நகர்கிற சத்தம், ஏதோ தட்டுப்படுகிற சத்தம், "பாத்து, பாத்து" என்று சாரின் குரல். பிறகு ஜெரால்டு, "ஆன் பண்ணிட்டேன் மேடம். இதுல பிளே எது? எழுத்தே தெரியல" என்றார்.

"தள்ளுடா" என்றார் சார்.

வீணை வந்தது. போன் வழியாக வந்ததால் கம்மலாகத்தான் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து, நடுவில் ஒரு சின்ன மௌனம் வந்து, அடுத்தது ஆரம்பித்தது.

"மேடம்" என்றார் ஜெரால்டு. "இது ஓடற மெஷின்னு பாத்தா எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியாது தம்பி."

"நாளைக்கு என் வைஃப் வந்து பாத்தாலும் இதையேதான் நினைப்பா. வேலை செய்யற அம்மா சுவிட்சை அணைச்சுத் துடைச்சு ஓரமா வெச்சுடுவாங்க."

"ஆமா" என்றேன். பழைய சாமான்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். பாப்பாவின் மேசையை ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ரமேஷ், மோசமான சிடியைக் கொண்டுபோங்கள், கடைசிப் பாட்டைக் கேளுங்கள், திருகைப் பாருங்கள், பொட்டைப் பாருங்கள், ஒரு மணி நேரம் துண்டு போர்த்துங்கள். பாயிண்ட் இவ்வளவுதான். இவ்வளவும் செய்த பிறகும் அந்த மெஷின் எத்தனை வருடம் ஓடும் என்று என்னால் சொல்லமுடியாது. இரண்டு வருடம் ஓடலாம், ஐந்து வருடம் ஓடலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் மோட்டாரைப் போடவில்லை. முதல் வேலையாக மேசை விளக்கைப் போட்டு, வெள்ளை ஒட்டுத்தாளில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். கறுப்பு மையில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, பெரிய எழுத்தில் எழுதினேன்: "எரியாது. ஓடும்." மை காயும்வரை ஊதினேன். மடங்காமல் சர்ச் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, திருமுல்லைவாயிலுக்கு முதல் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன்.